பயந்துகொண்டே ஜெபிக்கலாம்

ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் வாலிபப் பிள்ளைகள் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி என் பக்கம் வருவது வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "பாட்டி, நானும் தினம் ஜெபிக்கத்தான் செய்றேன். ஆனா இந்தப் பயம் போகமாட்டேங்குது. எனக்கு விசுவாசம் இல்லையோ?"

அவர்களுடைய பயங்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. நீட் தேர்வை மறுபடி எழுதுகிற பெண்ணுக்கு ஒரு பயம். கல்விக்கடன் வாங்கிப் படித்துவிட்டு வேலைக்கு அலைகிற பையனுக்கு வேறொன்று. கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடக்கிறவர்களும் உண்டு. நெஞ்சு படபடக்கிறது, வயிறு பிசைகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்கிறார்கள். இதெல்லாம் போதாதென்று மேலே இன்னொரு பாரத்தையும் சுமக்கிறார்கள். விசுவாசி பயப்படக்கூடாது, நாம் பயப்படுகிறோம், ஆகவே ஆண்டவருக்கு நம்மைப் பிடிக்காது என்கிற பாரம். முதல் பாரத்தை உலகம் ஏற்றிவைத்தது. இரண்டாவதைப் பல சமயம் சபையார் நாங்களே ஏற்றிவைக்கிறோம். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளே, பயம் போனபிறகுதான் ஜெபிக்க வேண்டும் என்று வேதாகமத்தில் எங்கும் இல்லை. பயந்துகொண்டே ஜெபித்தவர்கள்தான் அதில் நிறைய. சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதங்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். பதின்மூன்றாம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். மிகச் சிறியது. அதற்குள்ளேயே, இன்னும் எவ்வளவு காலம் என்று தாவீது நான்கு தடவை ஆண்டவரைக் கேட்டுவிடுகிறார். ஐம்பத்தைந்தாம் சங்கீதத்தில் சிறகிருந்தால் எங்காவது பறந்து போய்விடலாமே என்று ஏங்குகிறார். எழுபத்தேழாம் சங்கீதக்காரருக்குத் தூக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. அப்படிப்பட்ட பாட்டையும் நீக்காமல், திருத்தாமல், ஆராதனையில் பாடும் பாட்டாகவே வைத்திருந்தார்கள். மனம் இடிந்துபோனவனுக்கும் ஆலயத்தில் ஓர் இடம் இருக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஊரில் கிணற்றுக்குள் வாளியோ குடமோ விழுந்துவிட்டால் பாதாளக்கரண்டியை இறக்கித் துழாவுவார்கள். நம் உள்ளே ஆழத்தில் விழுந்து கிடக்கிற பயத்தை மேலே கொண்டுவருவதற்குச் சங்கீதங்களைத்தான் நான் அப்படிப் பயன்படுத்தியிருக்கிறேன். என்ன சொல்லி ஜெபிப்பது என்றே தெரியாத நாட்களில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பேன். பாதியில் எங்கேயோ ஒரு வார்த்தை என் துக்கத்தைத் தொட்டு இழுக்கும். அங்கிருந்து என் சொந்த ஜெபம் தொடங்கிவிடும்.

எசேக்கியா ராஜாவின் கதையை ஓய்வுநாள் பாடசாலையில் கேட்டிருப்பீர்கள். சிறுபிள்ளைக் கதையாகக் கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். கவலையில் இருக்கும்போது இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தின் 18, 19ஆம் அதிகாரங்களை நிதானமாக ஒருதரம் வாசித்துப் பாருங்கள். கி.மு. 701. அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். லாகீஸ் பட்டணம் விழுந்ததை அவன் தன் அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கி வைத்துப் பெருமைப்பட்டான். நினிவேயில் தோண்டி எடுத்த அந்தக் கற்கள் இன்றைக்கும் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கூண்டில் அடைத்த பறவையைப் போல எசேக்கியாவை எருசலேமுக்குள் அடைத்தேன் என்று அவன் எழுதிவைத்த பதிவும் கிடைத்திருக்கிறது. ஆக, எசேக்கியாவின் பயம் வீண் கற்பனை இல்லை. வாசலில் நிஜமாகவே படை நின்றது.

அந்தப் படைத்தலைவன் ரப்சாக்கே என்ன செய்தான் தெரியுமா? மதில் அருகே வந்து நின்று எபிரெய மொழியில் கத்தினான். ஜனங்களுக்குப் புரியாத அரமேய மொழியில் பேசும்படி ராஜாவின் அதிகாரிகள் கெஞ்சினார்கள். அவனோ இன்னும் உரத்த குரலில் ஜனங்களின் பாஷையிலேயே பேசினான். உங்கள் ராஜாவை நம்பாதீர்கள், உங்கள் ஆண்டவர் உங்களைத் தப்புவிக்கமாட்டார், எந்த ஜாதியின் தெய்வம் எங்கள் கையிலிருந்து தன் ஜனத்தைத் தப்புவித்தது என்று கேட்டான். ராத்திரியில் நம் உள்ளே கேட்கிற குரலும் இப்படித்தான் பேசும். நம்முடைய சொந்தப் பேச்சில், நமக்கு எது வலிக்கும் என்று தெரிந்துகொண்டு, உண்மையையும் பொய்யையும் கலந்து பேசும். மதில்மேல் இருந்த ஜனங்களுக்கு எசேக்கியா ஒரே ஒரு கட்டளைதான் கொடுத்திருந்தார். அவனுக்குப் பதில் பேசவேண்டாம் என்பது அந்தக் கட்டளை. எனக்கு மிகவும் உதவிய இடம் இது. பயத்தோடு விவாதம் பண்ணிப் பண்ணி நான் ஜெயித்ததே இல்லை. ஒன்றுக்குப் பதில் சொன்னால் அது இன்னொன்றைக் கொண்டுவரும். விடிய விடிய அந்த வழக்கு முடியாது.

பிறகு மிரட்டல் கடிதம் வந்தது. எசேக்கியா அதை வாங்கினார், வாசித்தார். கிழித்தெறியவில்லை, ஒளித்துவைக்கவில்லை. ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார். ஆண்டவரே, அசீரிய ராஜாக்கள் தேசங்களைப் பாழாக்கினது மெய்தான் என்று ஜெபத்தில் ஒத்துக்கொள்ளவும் செய்தார். அங்கே சமாளிப்பு இல்லை, நடிப்பு இல்லை. நிலவரம் இது, கடிதம் இது, எனக்கு வழி தெரியவில்லை, நீர் பாரும் என்கிற ஜெபம் அது.

என் கணவர் போனபோது பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். என்னுடைய ஆசிரியச் சம்பளம் ஒன்றுதான். வீட்டின்மேல் கடன் இருந்தது. தவணை தவறி நோட்டீஸ் வந்த அன்றைக்கு ராத்திரி, பிள்ளைகள் தூங்கினபிறகு, குடும்ப ஜெபம் நடக்கிற மேசையில் அந்தக் காகிதத்தை விரித்து வைத்தேன். எசேக்கியா செய்ததை அப்படியே செய்தேன். தொகையை வாய்விட்டு வாசித்தேன். கடைசித் தேதியை வாசித்தேன். ஆண்டவரே, எனக்குப் பயமாயிருக்கிறது, வீடு போய்விடும் என்று பயமாயிருக்கிறது, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவேன் என்று பயமாயிருக்கிறது என்று அழுதேன். அதுவரைக்கும் ஆண்டவரே எங்களை ஆசீர்வதியும், எங்களைக் காத்துக்கொள்ளும் என்று பொதுவாகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் பயத்துக்குப் பெயர் சொல்லி ஜெபித்தேன்.

மறுநாள் காலையில் வாசலில் பணப்பை ஒன்றும் கிடக்கவில்லை. ஆனால் வங்கிக்குப் போய் மேலாளருக்கு எதிரே உட்கார்ந்து, முழுத்தவணை கட்ட முடியாது, குறைத்துக் கொடுத்தால் கட்டுவேன் என்று சொல்ல எனக்குக் கால் வந்தது. அதற்குமுன் பல வாரம் அந்தத் தெருவையே சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். கடன் தீர வருஷக்கணக்காயிற்று. அந்த வருஷங்களில் பயம் வராமலில்லை. வந்தால் அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

எசேக்கியாவிடமே இன்னொன்றும் படிக்கலாம். ஜெபித்த அதே ராஜா மதில்களைப் பழுதுபார்த்தார். கேடயங்களும் ஆயுதங்களும் செய்வித்தார். முற்றுகை வந்தால் ஊருக்குள் தண்ணீர் வேண்டுமே என்று கீகோன் ஊற்றின் தண்ணீரைப் பட்டணத்துக்குள் திருப்பினார். எருசலேமில் பாறைக்குள்ளே குடைந்த ஒரு சுரங்கக் கால்வாய் இன்றைக்கும் இருக்கிறது. சுமார் 533 மீட்டர் நீளம். அது எசேக்கியாவின் காலத்தது என்றே ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலோர் கொள்கிறார்கள். இரண்டு முனையிலிருந்தும் குடைந்துகொண்டே வந்த வேலைக்காரர்கள், நடுவில் பாறைக்கு அப்பால் மற்றவர்களின் குரல் கேட்டதையும், பிறகு சந்தித்துக்கொண்டதையும் அதன் சுவரில் எழுதிவைத்திருந்தார்கள். 1880இல் அந்தக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அது இஸ்தான்புல்லில் இருக்கிறது. இன்றைக்கும் போகிறவர்கள் முழங்கால் அளவு தண்ணீரில் அந்தச் சுரங்கத்தில் நடக்கிறார்கள். ஜெபம் பண்ணிவிட்டேன், இனிமேல் படிக்க வேண்டாம், விண்ணப்பம் போடவேண்டாம், டாக்டரிடம் போகவேண்டாம் என்று யாராவது சொன்னால் இந்தச் சுரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்வேன். ஜெபக்குறிப்பு எழுதுகிற நோட்டுத்தான். ஆனால் 'உலக சமாதானம்', 'ஊழியங்கள்' என்று தலைப்புப் போட்டு எழுதுவதோடு நிற்காமல், இன்றைக்கு நெஞ்சை அழுத்துவது என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சின்னதாக இருந்தாலும், சொன்னால் சிரிப்பார்கள் என்று தோன்றினாலும் எழுதுங்கள். எழுதி முடித்தபிறகு இன்றைக்கு உரியது எது, நாளைக்கு உரியது எது, நம் கையிலேயே இல்லாதது எது என்று பாருங்கள். கர்த்தருடைய ஜெபத்தில் அன்றன்றைய ஆகாரத்தைத்தான் கேட்கச் சொல்லிக்கொடுத்தார் ஆண்டவர். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மன்னாவை மறுநாளுக்குச் சேர்த்துவைத்தபோது புழுத்து நாறிப்போயிற்று. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் விதிவிலக்கு. நாளைய கவலையை இன்றைக்கே அள்ளிக்கொண்டு வந்து வைத்தாலும் அப்படித்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு வேலை என்னாகும் என்ற கவலையைச் சுமக்கிற பெலன் இன்றைக்கு உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இன்றைக்கு எழுதவேண்டிய பாடத்துக்கு உண்டான பெலன் உண்டு.

அன்னாளைப் பற்றி நான் சொல்லாமல் விடமாட்டேன். பிள்ளையில்லாத ஸ்திரீ. வருஷந்தோறும் சீலோவிலுள்ள ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் சக்களத்தி பெனின்னாள் குத்திக்காட்டுவாள். இவள் அழுவாள், சாப்பிடமாட்டாள். புருஷன் எல்கானா நல்லவர். பத்துக் குமாரரைவிட நான் உனக்கு நல்லவன் இல்லையா என்று கேட்டு ஆறுதல்படுத்தப் பார்க்கிறார். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் ஆறவில்லை. அவள் ஆலயத்துக்குப் போய் மனங்கசந்து அழுதாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளைப் பார்த்துவிட்டுக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். ஒரு தாய் நெஞ்சைக் கொட்டுகிறாள், ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு அது புரியவில்லை. இது வேதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை, சபையில் தன்னைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று வருந்துகிற பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அன்னாள் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. நான் குடிக்கவில்லை ஐயா, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றினேன் என்று விளக்கினாள். ஏலியும் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு அவளைச் சமாதானத்தோடே போகச் சொன்னார். அதன்பிறகு நடந்தது என்ன? அவள் போய்ச் சாப்பிட்டாள். முகவாட்டம் நீங்கிற்று. கவனியுங்கள், அப்போது அவள் கர்ப்பந்தரித்திருக்கவில்லை. பெனின்னாள் திருந்திவிடவில்லை. வெளியே ஒன்றுமே மாறவில்லை. சாமுவேல் பிறந்தது பிறகு நடந்த கதை. ஜெபத்துக்குக் கிடைத்த முதல் பலன் ஒருவேளைச் சாப்பாடு இறங்கியதுதான். ஆண்டவர் தரும் சமாதானத்தை எங்கே தேடுவது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். பதில் வருவதற்கு முந்தி, பதில் என்னவாயிருக்கும் என்றே தெரியாத நேரத்தில், அவள் சாப்பிட உட்கார்ந்தாளே, அந்தச் சாப்பாட்டில்.

நம்முடைய கூட்டங்களில் சாட்சி சொல்லுகிற நேரத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஜெபித்தேன், வேலை கிடைத்தது. ஜெபித்தேன், கட்டி மறைந்தது. ஜெபித்தேன், விசா வந்தது என்று சொல்லுகிறவர்கள்தான் மைக்கைப் பிடிக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை, அவர்களோடு சேர்ந்து நானும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் அதே பெஞ்சில், அதேபோல ஜெபித்தும் வேலை கிடைக்காதவன் உட்கார்ந்திருக்கிறான். கட்டி மறையாத தாயை அடக்கம்பண்ணிவிட்டு வந்தவள் உட்கார்ந்திருக்கிறாள். அவர்களுக்குச் சொல்ல சாட்சி இல்லையா? ஒவ்வொரு நாளும் எழுந்து, பல் துலக்கி, வேலைக்குப் போய், மறுபடியும் ராத்திரி முழங்காலில் நிற்கிறார்களே, அதுவும் சாட்சிதான். அதற்கும் மைக் கொடுக்கவேண்டும்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வழக்கமும் இப்படித்தான். அட்டையில் நல்ல வசனம் வந்தால் வருஷம் நன்றாயிருக்கும் என்று நினைத்து, பயத்தோடே கையை விடுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். வசனம் தாயத்து இல்லை. அந்த வசனம் யாருக்கு, எந்த இக்கட்டில், எதற்காகச் சொல்லப்பட்டது என்று அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். எரேமியா 29இல் உள்ள நம்பிக்கையான வாக்கைப் பலரும் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அதே கடிதத்தில், எழுபது வருஷம் ஆகும், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்றும் இருக்கிறது. உடனே விடுதலை என்று கள்ளத்தீர்க்கதரிசிகள் சொன்னதை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் அந்தக் கடிதமே எழுதப்பட்டது.

டோனாவூர் உங்களில் பலருக்கு அடுத்த ஊர்தான். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் அங்கே வந்து, திக்கற்ற பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர். 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. பிள்ளைகள் எல்லாரும் ஜெபித்தார்கள், அவரும் ஜெபித்தார். 1951இல் கண்மூடும்வரைக்கும், ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுக்கையில்தான் இருந்தார். அந்த அறையிலிருந்து பல புத்தகங்கள் எழுதினார். அவற்றில் ஒன்று நோயாளிகளுக்கென்றே எழுதினது. நல்ல சுகத்தோடு இருக்கிறவர்கள் எழுதி அனுப்புகிற ஆறுதல் நோயாளிக்கு எட்டுவதில்லை என்பதைத் தன் படுக்கையில் கண்டுகொண்டு, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக எழுதினார். அவர் விசுவாசம் குறைந்தவர் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? பவுல் அப்போஸ்தலனும் தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்றுதரம் கேட்டார். முள் இருந்தது, கிருபையும் இருந்தது.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருடைய பயம் சரீரத்தையே பிடித்துக்கொள்ளும். என் கணவர் போன அடுத்த வருஷம் எனக்கு நெஞ்சு படபடப்பு வந்து, மாரடைப்பு என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருதயம் நன்றாயிருக்கிறது, இது பதற்றத்தினால் வருகிற வியாதி, மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன். தூக்கம் திரும்பி வந்தது. தூக்கம் வந்தபிறகு ஜெபிக்கவும் முடிந்தது. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று அப்போது சிலர் என் காதுபடச் சொன்னார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதே ஆட்கள் மாத்திரை சாப்பிடத்தான் செய்தார்கள்.

எலியா தீர்க்கதரிசி கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கக் கண்டவர். ராணி யேசபேலின் ஒரு மிரட்டலுக்கு ஓடிப்போய் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். ஓரேபில் ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். தூக்கமும் சோறும் ஆவிக்குரிய காரியம் இல்லை என்று நினைக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிவரைக்கும் போனைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, விடிகாலை ஜெபத்தில் மனம் ஒருநிலைப்படவில்லையே என்று அழுகிற பிள்ளையிடம், முதலில் போய்த் தூங்கு ராசா என்றுதான் சொல்வேன்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஐடா ஸ்கடர் அம்மையார் ஜெபத்தோடே தொடங்கினது. அங்கேதான் 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கினார்கள். நோயாளியோடு குடும்பத்தாரும் கூடத் தங்கியிருந்து பார்த்துக்கொள்கிற முறை அங்கே உண்டு. ஜெபிக்கிறவர்களே கட்டின ஆஸ்பத்திரியில் மனதுக்கும் மருந்து கொடுக்கிறார்கள் என்றால், அந்த மருந்தை வாங்க நாம் ஏன் வெட்கப்படவேண்டும்? வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, படிப்போ வேலையோ ஓடவில்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது என்றால் தாமதிக்காதீர்கள். சபை ஐயரவர்களிடம் ஜெபிக்கச் சொல்லுங்கள், அன்றைக்கே டாக்டரிடமும் போங்கள். போக முடியாத ராத்திரியானால் 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை அது. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். யாரோ தலையில் கைவைத்து ஜெபித்தார்கள் என்பதற்காக டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம்.

தனியாக இருந்து போராடவும் வேண்டாம். கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவருக்கே வியர்வை இரத்தப் பெருந்துளிகளைப் போல விழுந்தது. அப்போது அவர் மூன்று சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு போய், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். ஒரே வேண்டுதலையே மூன்றுதரம் ஜெபித்தார். அவருக்கே கூட ஆள் தேவைப்பட்டது, திரும்பத் திரும்பக் கேட்கத் தேவைப்பட்டது. சிநேகிதர் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு. நம்முடைய கூட்டாளிகளும் சிலசமயம் தூங்கிவிடுவார்கள். அதற்காகக் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். பெரிய ஜெபக்குழு வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள் ஒரே ஒரு ஆளோடு உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபிக்க முடிந்தால் போதும். சொன்னதை வெளியே கொண்டுபோகாத ஆளாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவலைப்படாமல் எல்லாவற்றையும் ஜெபத்தில் சொல்லுங்கள் என்று பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினதை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அவர் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். அதே கடிதத்தில், தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து சாகிற அளவுக்கு வியாதியாயிருந்ததையும், அவன் இறந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கமாயிருந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். அந்தக் கடிதத்தைப் பெற்ற சபை எப்படிப்பட்ட சபை என்று அப்போஸ்தலர் 16இல் பாருங்கள். பவுலும் சீலாவும் அடிபட்டுக் கால் தொழுமரத்தில் மாட்டிக் கிடந்தது அந்த ஊர்ச் சிறையில்தான். நடுராத்திரியில் பூமியதிர்ச்சி வந்து கதவெல்லாம் திறந்துகொண்டது. கைதிகள் ஓடிப்போயிருப்பார்கள், இனி தனக்குத் தப்பில்லை என்று சிறைச்சாலைக்காரன் பட்டயத்தை உருவித் தன்னையே கொலைசெய்யப் போனான். பவுல் அந்த இருட்டில் அவனிடம் வேத விளக்கம் ஒன்றும் பேசவில்லை. உனக்கு நீ ஒரு தீங்கும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று உரத்த சத்தமாய்க் கூப்பிட்டார். அவன் விளக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டே உள்ளே ஓடிவந்தான். கேள்வியும் பதிலும் ஞானஸ்நானமும் அதற்குப் பிறகுதான் வந்தன.

உங்கள் ஹாஸ்டலில், உங்கள் ஆபீசில், உங்கள் பாடகர் குழுவில் அப்படி ஒருவன் இருப்பான். கொஞ்ச நாளாகச் சரியாகப் பேசமாட்டான், கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டான். அவனுக்கு வசனத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். அறைக்கு நேரே போய்க் கதவைத் தட்டுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், சாப்பிடவில்லையென்றால் வாங்கிக்கொண்டு வந்து கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாகவேண்டும்போல் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். அவன் சம்மதித்தால் சேர்ந்து ஜெபியுங்கள், நாலு வரி போதும். விடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓ.பி. சீட்டை நீங்கள் போய் வாங்குங்கள், அவன் பெயரைக் கூப்பிடும்வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.